குவாரியில் இருக்கும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவது எப்படி

குப்பம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். சித்தூர் மாவட்டத்தின் மூலை எங்கள் ஊர். இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, அந்தப் பக்கம் திருப்பத்தூர், வடக்கே கோலார். மூன்று மாநிலமும் கூப்பிடு தூரம். வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் கலந்து. நாலு அடி தோண்டினால் கல். அந்தக் கல்லை நம்பித்தான் இங்கே பல குடும்பம் பிழைக்கிறது. என் வகுப்பில் பெஞ்சு காலியானதும் அந்தக் கல்லால்தான்.

"குவாரியில் ஒரு பையன் வேலை செய்யறதைப் பார்த்தேன், என்ன பண்ணட்டும் டீச்சர்?" என்று இப்போதும் யாராவது போன் செய்கிறார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் போனுக்கு முன்னால் செய்யும் வேலையையும் பின்னால் செய்யும் வேலையையும் பொறுத்துத்தான், பிள்ளை பள்ளியில் நிற்பதும் பதினைந்து நாளில் வேறொரு குவாரிக்குப் போவதும்.

முதல் தடவை நான் செய்தது தப்பு. நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு வாரமாக வரவில்லை. தேடிப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு குவாரியில் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன், நாளைக்குப் போலீஸோடு வருகிறேன் என்றேன். மறுநாள் போனபோது அவர்கள் குடிசை இருந்த இடத்தில் மூன்று அடுப்புக்கல்தான் கிடந்தது. ராத்திரியே லாரியில் ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பெண்ணை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

அதனால் குவாரிக்குள் நின்று யாரிடமும் கோபத்தைக் காட்டாதீர்கள். வந்த வேலை கல் விலை கேட்பது என்று இருக்கட்டும். பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது? பெரிய கல்லை ஒரு பிள்ளை தூக்குவான் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள், "அங்கே யாரும் வேலை செய்யலையே, சும்மாதானே உட்கார்ந்திருக்காங்க" என்று திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலை வேறு மாதிரி. மழுங்கிய உளிகளைப் பொறுக்கிக்கொண்டு போய் உலையில் கூர் தீட்டி வாங்கி வருவது. துளை போடும் இடத்தில் தூசி அடங்கத் தண்ணீர் ஊற்றுவது. வெடி வைத்த பிறகு கிடக்கும் கம்பித் துண்டுகளைப் பொறுக்குவது. சைஸ் கல்லின் மூலையைத் தட்டிச் சரிசெய்வது. தம்பி தங்கையைத் தூசிக்குள் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வது. கூலி ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, டிராக்டர் லோடுக்கு இவ்வளவு. அப்படி இருக்கும்போது நாலு வயசுக் கையும் அந்தக் குவியலில் சேர்ந்துவிடுகிறது.

கையைப் பாருங்கள். பதினொரு வயசுப் பையன் ஒருவனை ஆதாருக்காகக் கூட்டிப்போனேன். விரலை வைக்கச் சொன்னார்கள். மெஷின் எடுக்கவில்லை. துடைத்து வைத்தான், எடுக்கவில்லை. எண்ணெய் தடவி, கழுவி, மறுபடியும் வைத்தான். நான் அவன் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். ரேகையே இல்லை. வழவழவென்று, கூழாங்கல் மாதிரி. கல்லும் உளியும் தேய்த்துத் தேய்த்து அந்த வயசுக்குள் அவன் விரல் அடையாளத்தை எடுத்துவிட்டிருந்தன. (அப்படி ஆனால் கண்ணின் கருவிழியை வைத்துப் பதியலாம். அதை நாம் கேட்டால்தான் செய்வார்கள், கேளுங்கள்.)

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம். எந்த ஊருக்கு எந்தத் திசையில், பக்கத்தில் என்ன கோயில், என்ன ஏரி. போனில் இடக்குறியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் குத்தகைதாரர் பெயர், சர்வே நம்பர் எழுதிய பலகை இருந்தால் அதை அப்படியே. நின்ற லாரி, டிராக்டர் நம்பர். எத்தனை பிள்ளைகள், பார்த்தால் என்ன வயசு, என்ன செய்துகொண்டிருந்தார்கள். "பல குழந்தைகள் கொடுமைப்படுத்தப்படுகிறார்கள்" என்று எழுதிய மனு மேஜையிலேயே கிடக்கும். "சர்வே நம்பர் இன்னது, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி, ஆறு பிள்ளைகள், அதில் இரண்டு பெண்கள்" என்று எழுதியதை ஒதுக்கி வைப்பது கஷ்டம்.

பிள்ளைகளின் முகம் தெரிய படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். நல்ல மனசோடுதான் செய்வீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆவது பிரிவின்படி அந்தப் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். தவிர, படம் சுற்ற ஆரம்பித்தால் அதைப் பார்க்கிற முதல் ஆளே மேஸ்திரியாகத்தான் இருப்பார்.

அடுத்தது வயசு. "பையனுக்குப் பத்தொன்பது சார், ஆள்தான் சின்னதா இருக்கான்" என்பார்கள். ஆதாரில் ஜனவரி 1 என்று குத்துமதிப்பாகப் போட்ட தேதி இருந்தால் அதையே நீட்டுவார்கள். அதனால் சோதனைக்கு ஆள் வருவதற்கு முன்பே அவன் படித்த பள்ளியைக் கண்டுபிடியுங்கள். பிள்ளையிடம் "உன் டீச்சர் பேரு என்ன?" என்று கேளுங்கள். ஊர் பெயரை மறைக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். டீச்சர் பெயரை மறைக்க யாருக்கும் தோன்றாது. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் எமிஸ் என்ற மாணவர் விவரப் பதிவில் பிறந்த தேதி இருக்கும். அங்கே உள்ள தலைமையாசிரியரிடம் பேசி, சேர்க்கைப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். ஒரு பள்ளி இன்னொரு பள்ளியைக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ஆதார், பள்ளிச் சான்று, பஞ்சாயத்து பிறப்புச் சான்று எதுவுமே இல்லையென்றால்தான் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவச் சோதனை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மேஸ்திரியின் மூன்று சாக்குக்கும் பதில் இதில் இருக்கிறது. "இது சுரங்கம் இல்லை, குவாரிதானே" என்பது முதல் சாக்கு. திறந்தவெளியில் கல் எடுப்பதும் சட்டப்படி சுரங்கம்தான். "பதினைந்து வயசு ஆயிடுச்சு" என்பது இரண்டாவது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தியபோது, 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான தொழிலில் வைக்கக்கூடாது என்று ஆக்கினார்கள். அந்த ஆபத்தான தொழில் பட்டியலில் முதலில் இருப்பதே சுரங்கம். பழைய 1952 சுரங்கச் சட்டமும் 18-க்குக் கீழே கூடாது என்றுதான் சொன்னது. "அப்பா அம்மாவோடதானே செய்யறான், குடும்பத் தொழில்" என்பது மூன்றாவது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் கூடமாட உதவலாம் என்ற விலக்கு ஆபத்தான தொழிலுக்குப் பொருந்தாது. குவாரி அந்தக் குடும்பத்தின் சொத்தும் இல்லை.

இந்த மூன்றாவது சாக்கு எங்கள் ஊரோடு நிற்பதில்லை. ஜார்க்கண்டில் கோடெர்மா, கிரிடி பக்கம் காக்காய்ப்பொன் (மைக்கா) பொறுக்கும் பிள்ளைகளையும் குடும்பத்தோடு வந்தவர்கள் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே கிலோ கணக்கு, இங்கே லோடு கணக்கு.

வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். முன்பணத்துக்காகப் பிடித்து வைத்திருந்தாலோ பிள்ளையின் கூலியைப் பிடுங்கிக்கொண்டாலோ இளைஞர் நீதிச் சட்டத்தின் 79-ஆவது பிரிவில் 5 வருஷம் வரை போகும். பெற்றோரை முதல் தடவையே ஜெயிலில் போடுவார்கள் என்பது மேஸ்திரிகள் கிளப்பிவிடும் பயம். சட்டத்தின் குறி வேலை வாங்குகிறவர்மேல்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அட்வான்ஸ். மேஸ்திரி குடும்பத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டு, அப்புறம் கூலியில் பிடித்துக்கொள்ளும் பணம்.

ஒரு தாய் என்னிடம் கேட்டாள்: "பள்ளிக்கூடம் அனுப்பறேன் டீச்சர். அட்வான்ஸை யாரு கட்டறது?" அவள் கேட்டது நியாயம். புருஷனுக்கு இருமல். துளை போடும் மெஷினில் பத்து வருஷம் நின்றவர், இப்போது நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. அவர் சம்மட்டியைக் கீழே வைத்த அன்று பையன் எடுத்தான். கல் தூசி நுரையீரலில் தங்கி வரும் நோய் அது, குணமாகாது. என் தாத்தா கோலார் தங்கவயலில் இறங்கி வேலை செய்தவர், அவரும் இருமி இருமித்தான் போனார் என்று பாட்டி சொல்வாள். இந்த நோயைக் காசநோய் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது நிறைய நடக்கிறது. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது "கல் குவாரியில இத்தனை வருஷம், துளை போடற வேலை" என்று டாக்டரிடம் வாயால் சொல்லி, சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். பிள்ளையை மீட்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அப்பாவின் இருமலுக்கு வழி தெரியாத வீட்டில் பையன் பள்ளியில் நிற்கமாட்டான்.

சரி, அட்வான்ஸ் கணக்கு. நோட்டு மேஸ்திரியிடம்தான் இருக்கும், வீட்டுக்காரர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. "எவ்வளவு வாங்கினீங்க?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. பண்டிகையையும் சாவையும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். வந்து சேர்ந்தபோது லாரிக்கு யார் கொடுத்தது? பொங்கலுக்கு என்ன வாங்கினீங்க? மாமியார் செத்தபோது? பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது ஊசிக்கு? வாரம் எத்தனை லோடு உடைத்தீங்க, கையில் எவ்வளவு வந்தது? நான் அப்படி இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒரு வீட்டுக் கணக்கை எழுதினேன். வாங்கியது நாற்பதாயிரத்துச் சொச்சம். பிடித்தது போக மேஸ்திரி சொன்ன பாக்கி அறுபதாயிரம். மூன்று வருஷம் நாலு பேர் உடைத்த பிறகு கடன் ஏறியிருந்தது! அந்தத் தாய் எண்களைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ நாங்க கட்ட வேண்டியது இல்லையா டீச்சர்?" என்றாள். அவள் மனசு மாறியது சட்டம் பேசியதால் இல்லை, அந்தக் கணக்கால்தான்.

இப்படி முன்பணத்தால் கட்டுண்டு, வேறு இடம் போக முடியாமல், குறைந்தபட்சக் கூலியும் இல்லாமல் இருப்பதற்குப் பெயர் கொத்தடிமை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. கொத்தடிமைக் கடன் செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர், வாங்கியவர் இல்லை. 1982-இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்றது. ஃபரிதாபாத் கல் குவாரித் தொழிலாளர்களைப் பற்றி ஓர் அமைப்பு அதே வருஷம் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1983 டிசம்பரில் தீர்ப்புக் கொடுத்தது. கடிதம்தானே என்று உங்கள் மனுவை நீங்களே குறைத்து நினைக்காதீர்கள்.

எல்லைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். மனு குவாரி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கே போக வேண்டும், குடும்பம் எந்த ஊராக இருந்தாலும் சரி. ஆந்திரப் பக்கம் என்றால் தெலுங்கில் எழுதுங்கள். தமிழில் எழுதியதை மொழிபெயர்க்க ஆள் தேடுவதிலேயே ஒரு வாரம் போய்விடும். குழந்தைத் தொழிலாளர் என்பதற்குப் 'பால கார்மிகுலு', கொத்தடிமைக்கு 'வெட்டி சாகிரி'. இரண்டாவதை நம் ஆட்கள் கேட்டால் வெட்டி வேலை, தண்டமான வேலை என்று நினைத்துக்கொள்வார்கள், விசாரணையில் "வெட்டி எல்லாம் இல்லைங்க, நல்லாத்தான் வேலை செய்யறோம்" என்று பதில் சொல்லிவிடுவார்கள். முன்னாலேயே விளக்கிவிடுங்கள்.

1098-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், காசு கிடையாது. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய பென்சில் என்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். அது மாவட்ட அதிகாரிக்குப் போகும். கொத்தடிமை என்றால் கட்டாயம் கோட்டாட்சியரிடமோ கலெக்டரிடமோ மனு கொடுங்கள். விடுதலைச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் வருவாய்த் துறையிடம்தான். திங்கள்கிழமை குறைதீர்ப்பு நாளில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் ஆட்கள் மூலம் செய்தி குவாரிக்குப் போய்விடும் என்று தோன்றினால் மண்டல ஆபீஸை (தாசில்தார் ஆபீஸை) விட்டுவிட்டு மேலே போங்கள். என் அனுபவத்தில் அது பலமுறை தேவைப்பட்டது.

மீட்கும் நாளில் நீங்கள் போனால் ஒரு பையில் பிஸ்கட், தண்ணீர், இரண்டு மாற்றுத்துணி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஜீப்பைப் பார்த்ததும் ஓடுவார்கள், பாறை விளிம்புப் பக்கம்கூட ஓடுவார்கள். தெரிந்த முகம் ஒன்று அங்கே நிற்பது நல்லது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோக வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் ராத்திரி தங்க வைக்கக் கூடாது. அண்ணன் தங்கையைப் பிரிக்க வேண்டாம் என்று குழுவிடம் கேளுங்கள். சொந்த மாவட்டம் தமிழ்நாட்டில் என்றால் அங்குள்ள குழுவுக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றும் உத்தரவின் நகல் இல்லாமல் கிளம்பாதீர்கள், அந்தப் பக்கம் போய் நின்றதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கொத்தடிமை என்றால் விடுதலைச் சான்றிதழையும் அப்போதே கேளுங்கள். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. மறுவாழ்வுக்கான பெரிய தொகை வழக்கோடு சேர்ந்தது, இழுக்கும். அதை நம்பி வீட்டுச் செலவைப் போட வேண்டாம்.

முதல் மாதம் சோறுதான் பிரச்சினை. தமிழ்நாட்டு முன்னுரிமை ரேஷன் அட்டையை வைத்து ஆந்திரக் கடையிலும் அரிசி வாங்கலாம் என்பது பல பேருக்குத் தெரியாது. அங்கேயும் விரல் ரேகை கேட்பார்கள், அம்மாவின் விரலும் தேய்ந்திருக்கும். கருவிழிப் பதிவைக் கேட்கச் சொல்லுங்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது வயசுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பினால், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லுங்கள். வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். பதினொரு வயசுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் குட்டிப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் மூன்றாம் நாள் வரமாட்டான். எந்த மொழியில் கனவு காண்கிறானோ அந்த மொழிப் பள்ளியில் சேருங்கள். சித்தூர் மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

பென்சிலை உடனே கொடுக்காதீர்கள். உளி பிடித்த கைக்கு அது நிற்காது, அழுத்தி அழுத்தி முனையை உடைத்துவிட்டு வெட்கப்படுவார்கள். தடிமனான சாக்பீஸும் பலகையும் கொடுங்கள். அந்த ரேகை இல்லாத பையன் என் வகுப்புக்கு வந்த முதல் வாரம் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் மைதானத்தில் கிடந்த பாறைத் துண்டைக் காட்டி, இது எங்கே பிளக்கும் என்று கேட்டேன். சின்னக் கல்லால் மூன்று இடத்தில் தட்டினான், காதை வைத்துக் கேட்டான், சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். "இங்க டீச்சர்." நேர்கோடு. அதை வைத்துத்தான் அளவு, பாதி, கால் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பெருக்கல் அவனுக்கு லோடு கணக்கில் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

சேர்த்த பிறகு ஒரு வருஷமாவது விடாதீர்கள். இரண்டு நாள் தொடர்ந்து வரவில்லையென்றால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டும், வாரக் கடைசி வரை காத்திருக்கக் கூடாது. ஆடி மாதத்தை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் கையில் காசு இல்லாத மாதம் அது, மேஸ்திரிகள் புது அட்வான்ஸோடு வீடு வீடாக வருவதும் அப்போதுதான். ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு சாயந்திரம் அந்த வீட்டில் போய் உட்காருங்கள். முன்பு எழுதிய அந்தக் கணக்கு நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். பையனையே எல்லாருக்கும் கேட்கும்படி அதை வாசிக்கச் சொல்லுங்கள்.